நாய்க்கு மட்டும் ஆரஞ்சுச் சட்டை

இந்தத் தொப்பியைத்தானே பார்க்க? ஏறினதுலயிருந்து பார்த்துக்கிட்டே வார. பரவாயில்ல, நல்லாப் பாரு. கண்டக்டர் தம்பியும் அப்படித்தான் பார்த்தான். "என்னம்மா, ரோடு போடுத எடத்துலயிருந்து நேரா வாரீகளா"ன்னு கேட்டுச் சிரிக்கான். சிரிக்கட்டும். கழற்ற மாட்டேன். வேர்த்து ஊத்தினாலும் கழற்ற மாட்டேன்.

நீ எங்க எறங்கணும்? ஆழ்வார்திருநகரியா? நான் நாசரேத். அப்பம் நமக்கு நேரம் இருக்கு. காதுல மாட்டியிருக்கியே, அதுல ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தாப் போதும், யம்மா. ஒரு காது பாட்டைக் கேட்கட்டும், ஒரு காது என்னைக் கேட்கட்டும்.

நான் நடந்ததைச் சொல்லுதேன், நீ நியாயத்தைச் சொல்லு. என் மகள் சொல்லுத நியாயம் எனக்கு வேண்டாம். அவ பேரு பியூலா. பாளையங்கோட்டையில டீச்சரா இருக்கா. நேத்து அமெரிக்காவுலயிருந்து வந்து அவ வீட்டுலதான் எறங்கினேன். ஒரு வாரம் இருந்துட்டுப் போகணும்னு ஏற்பாடு. இன்னைக்கு மத்தியானம் சோத்தைப் போட்டு முன்னால வச்சுக்கிட்டு என்ன சொல்லுதா தெரியுமா? "அம்மா, அந்த மனுஷன் பொழைப்பாரோ மாட்டாரோ, அவரோட கடைசி ஆசையைக் கெடுத்துட்டு வந்திருக்க"ங்கா. பெத்த மகள் சொல்லுத வார்த்தையா இது? ரசம் ஊத்துததுக்கு முன்னாலயே கையைக் கழுவிட்டேன். பையைத் தூக்கினேன், பஸ்ஸைப் பிடிச்சேன்.

நான் யார் வம்புக்கும் போகாதவ. நாசரேத்துல எந்த வீட்டுல வேணும்னாலும் கேளு. தங்கபுஷ்பம் சத்தம் போட்டுப் பேசி ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. முழங்கால் போடுவேன், ஜெபம் பண்ணுவேன், எந்திரிச்சு வேலையைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளைப் பத்தித்தான் இந்தப் பேச்சு.

சரி, மொதல்லயிருந்து வாரேன்.

என் மகன் ஆசீர் மினசோட்டாவுல இருக்கான். அமெரிக்காவுல வடக்க. ஐஸ்பெட்டிக்குள்ள ஊரைக் கட்டி வச்சாப்பல ஒரு இடம். அங்கயே ஒரு பிள்ளையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். ஹெய்டின்னு பேரு, ஆஸ்பத்திரியில நர்ஸு. தங்கமான பிள்ளை. ரசத்தைக் கப்புல ஊத்தி ஸ்பூனால குடிக்கும், ஆனாலும் தங்கமான பிள்ளை. அவளோட அப்பா வெர்னன், என் சம்பந்தியார். ரோட்டுல விழுத பனியைத் தள்ளுத வண்டி ஓட்டி ரிட்டையர் ஆனவரு. நெடுநெடுன்னு உசரம், நெஞ்சு வரைக்கும் தாடி. பேச்சே கிடையாது. வீட்டுல எல்லாரும் என்னை அம்மா அம்மான்னு கூப்பிடுதாங்கல்ல, அதுதான் என் பேருன்னு நினைச்சுக்கிட்டு அவரும் "ஹலோ அம்மா"ம்பாரு. நானும் திருத்தல. வயசுல மூத்த மனுஷன் அம்மான்னு கூப்பிட்டா யாருக்குக் கசக்கும்?

அந்த மனுஷனுக்கு உசுரே வாத்து வேட்டைதான். கார் நிறுத்துத ஷெட்டுல காரே நிறுத்த முடியாது, அத்தனையும் பிளாஸ்டிக் வாத்து. அதைத் தண்ணியில மிதக்க விட்டு, நிஜ வாத்தை ஏமாத்திக் கூப்பிடணுமாம். ஒவ்வொண்ணும் சேறும் பாசியுமா ஏறிப்போய்க் கெடந்துச்சு. நான் சும்மா இருக்க நேரத்துல எல்லாத்தையும் எடுத்து, பாத்திரம் தேய்க்கித சோப்பைப் போட்டு, நாரு வச்சுத் தேய்ச்சு, பளபளன்னு அடுக்கி வச்சேன். ஆசீர் வந்து பார்த்தான். தலையில கையை வச்சுக்கிட்டு நின்னான். "அம்மா, மின்னினா வாத்து வராதும்மா"ங்கான். அழுக்கா இருந்ததைக் கழுவி வச்சது குத்தமா? நீயே சொல்லு. சம்பந்தியார் ஒரு வாத்தை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "தேங்க்யூ அம்மா"ன்னாரு. அதுதான் பெரிய மனுஷன்கிறது.

விஷயத்துக்கு வாரேன். அங்க எல்லாத்துக்கும் சீசன் உண்டு. நமக்கு மாம்பழத்துக்கு இருக்காப்பல அவங்களுக்குச் சுடுததுக்கு. இன்ன தேதியிலயிருந்து வாத்து, இன்ன தேதியிலயிருந்து மான்னு கவர்மெண்டே போட்டிருது. வாத்துக்குச் சிதறு குண்டு. அது கிட்டத்துலயே உதிர்ந்திரும். மானுக்கு ரைஃபிள். ஒத்தைக் குண்டு, கண்ணுக்கு எட்டாத தூரம் போகும். மான் சீசன் தொடங்குத சனிக்கிழமை அந்த ஊர்ல ஆம்பளை பொம்பளை பாதிப் பேரு காட்டுக்குள்ளதான் இருப்பாங்க. மரத்துல பரண் கட்டி, இருட்டோட ஏறி உட்கார்ந்து, எங்க இலை அசையுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

விவரம் தெரிஞ்சவன் அந்த நாள்ல வாத்துக்குப் போக மாட்டான். சம்பந்தியாரே போனதில்லையாம். மான் சீசன் தொடங்கும் முன்னாலயே தன் வேலையை முடிச்சுக்கிட்டு வந்திருவாராம். இந்த வருஷம் அவருக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சு. அக்டோபர் பூரா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தாரு. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்கு முன்னால தெம்பா வெளிய போகன்னு கிடைச்சது ஒரே ஒரு சனிக்கிழமை. எந்தச் சனிக்கிழமைன்னு நினைக்க? அதேதான்.

மாமனாரும் மருமகனும் சாப்பாட்டு மேசையில மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. வடக்கத்திக் காத்து எப்பம் திரும்பும், கனடாவுலயிருந்து வாத்து எப்பம் எறங்கும், எந்த ஏரி, எங்க வண்டியை விடணும், எந்த நாணலுக்குள்ள படகைச் சொருகணும். ஆசீர் முகத்தைப் பார்க்கணுமே! எட்டாங்கிளாஸ் பையனாட்டம் ஆயிட்டான். எனக்கென்ன, நான் முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன். ஆம்பளைங்க சமாசாரத்துல நான் தலையிடுததில்ல.

அப்பந்தான் அந்த நாய் உள்ள வந்துச்சு. சம்பந்தியாரோட நாய். பேரு டீசல். கறுப்பு. சுட்ட வாத்தைத் தண்ணியில நீந்திப் போய்க் கவ்விட்டு வருத நாய். வந்தது எப்படி வருதுன்னு நினைக்க? பளீர்னு ஆரஞ்சுச் சட்டை போட்டு வருது! இந்தா, இந்தத் தொப்பி கலர். பண்டிகைக்கு உடுத்தினாப்பல.

"இது எதுக்குல?"ன்னு ஆசீர்ட்ட கேட்டேன்.

"மான் சீசன்ல்லாம்மா. மான்னு நினைச்சு யாரும் சுட்டிரக் கூடாதுன்னு போடுதது. தூரத்துலயிருந்தே தெரியும்ல."

"நல்லது. உன் சட்டை எங்க?"

எடுத்துக் காட்டுனான். காய்ஞ்ச நாணலும் சேறும் கலந்த கலர்ல ஒரு கோட்டு. தரையில போட்டா இருக்க எடம் தெரியாது.

"இது என்னல, மண்ணு மாதிரி இருக்கு?"

"வாத்துக்கு நாங்க தெரியக் கூடாதும்மா."

கேட்டியா கதையை? மானைச் சுடுதவனுக்குத் தெரியணும்னு நாய்க்கு ஆரஞ்சுச் சட்டை. வாத்துக்குத் தெரியக் கூடாதுன்னு என் மகனுக்கு மண்ணுச் சட்டை. மான் வேட்டைக்காரனுக்குக் கட்டாயம் ஆரஞ்சு உண்டாம். வாத்து வேட்டைக்காரன் தண்ணியில இருந்தா வேண்டாம்னு சட்டமே இருக்காம். "தண்ணிக்குள்ள போய்ட்டா பயமே இல்லம்மா"ங்கான்.

"வண்டியிலயிருந்து தண்ணி வரைக்கும்? பறந்தா போவீக?"ன்னேன்.

மேப்பைப் பார்த்தாங்க ரெண்டு பேரும். நடுவுல காடு. பச்சை பச்சையா அத்தனையும் காடு.

அன்னையிலயிருந்து நான் ஒரு வார்த்தை பேசல. சத்தியமாப் பேசல. ஜெபம் மட்டும் பண்ணினேன். உபவாசம் இருந்து பண்ணினேன். ஆண்டவரே, அந்தச் சனிக்கிழமை ரோடே தெரியாம பனியைக் கொட்டும்னு கேட்டேன். அவரு என்னடான்னா நல்ல வெயிலாக் கொடுத்தாரு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலயும் ஜெபம் உண்டு, எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு. தமிழ்ல பண்ணினா கர்த்தருக்கு மட்டுந்தான் புரியும். அதனால இங்கிலீஷ்ல பண்ணினேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்தான். "ஆண்டவரே, நாய்க்குச் சட்டை போடுத புத்தியைக் கொடுத்தீர். மனுஷனுக்கும் கொடும். ஆமென்." ஹெய்டிக்கு இருமல் வந்துட்டு. ஆசீர் தட்டையே பார்த்துக்கிட்டு இருக்கான். சம்பந்தியார் மட்டும் கண்ணைத் தொறக்காமலே "ஆமென்"னு ரொம்பப் பலமாச் சொன்னாரு.

மறுநாள் ஆசீர் அடுக்களைக்குள்ள வந்து கதவைச் சாத்தினான்.

"அம்மா, தேதியை மாத்த முடியாது. அவருக்கு அடுத்த சீசன் இருக்கோ இல்லையோ, டாக்டரே சொல்ல மாட்டேங்கான். என்கூட வரணும்னு கேட்டிருக்காரு. வேற யாரையும் கேட்கல, என்னைக் கேட்டிருக்காரு. அப்பாகூட நான் ஒரு இடத்துக்கும் போனதில்லம்மா."

அது என்ன பேச்சு? அவுக அவனைக் கூட்டிட்டுப் போகாமலா இருந்தாக? வருஷா வருஷம் கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. நாங்க எல்லாருமாத்தானே போனோம். நான் ஃப்ரிட்ஜைத் தொடச்சேன்.

எங்க வீட்டுக்காரக கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். காக்கிச் சட்டை. ஒரு நாள் சாயங்காலம், "குரும்பூர் வரைக்கும் போய்ட்டு இந்தா வந்திருதேன்"னு சைக்கிளை எடுத்தாக. பொழுது மயங்குத நேரம். லாரிக்காரன் கோர்ட்டுல ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "ஆள் கண்ணுக்குத் தெரியல." அவ்வளவுதான். தெரியலன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. மேல என்ன கேட்க? ஆசீர் அப்பம் எட்டாங்கிளாஸ்.

அதை விடு. நான் சேலையைப் பத்திச் சொல்ல வந்தேன்.

எங்கிட்ட ஒரு ஆரஞ்சுப் பூனம் சேலை உண்டு. ஆசீர் மொத சம்பளத்துல எடுத்துக் கொடுத்தது. கர்த்தருக்குத்தான் தெரியும் அந்தக் கலரை எப்படி எடுத்தான்னு. நான் கட்டினா கோயில்ல பிரசங்கம் பண்ணுத பாதிரி ஐயரு கூட வார்த்தையை விட்டுருவாரு. அப்படி ஒரு ஆரஞ்சு. கட்டாமலே மடிச்சு மடிச்சுக் கொண்டு போவேன், கொண்டு வருவேன். வெள்ளிக்கிழமை ஆம்பளைங்க ரெண்டு பேரும் படகுக்குக் கயிறு வாங்கப் போயிருந்தாங்க. நான் சேலையை மேசையில விரிச்சேன். கத்திரியை எடுத்தேன். ஹெய்டி அப்பந்தான் டூட்டி முடிஞ்சு வாரா. நின்னு பார்க்கா. சேலையைப் பார்க்கா, நாற்காலியில கெடக்குத ரெண்டு மண்ணுக் கோட்டையும் பார்க்கா. உள்ள போயி ஊசி நூலும் சேஃப்டி பின்னும் கொண்டு வந்து, "நான் அப்பா கோட்டு, நீங்க ஆசீர் கோட்டு"ன்னு உட்கார்ந்துட்டா. தங்கமான பிள்ளைன்னு சொன்னேனா இல்லையா!

முதுகு பூராவும் தைச்சோம். தோளு ரெண்டும். சும்மா ஓட்டுத் தையல் இல்ல, பிரிக்க முடியாதபடி இறுக்கி. மிச்சச் சேலையை நான் அப்படியே உடம்பைச் சுத்திக்கிட்டேன்.

"எதுக்கு அம்மா உங்களுக்கு?"ன்னா ஹெய்டி.

நான் சிரிச்சேன், அவ்வளவுதான்.

மறுநாள் விடியக்காலம் கோட்டைப் பார்த்துட்டு ஆசீர் குதிச்ச குதி இருக்கே! "வாத்து ஒரு மைலுக்கு அப்பாலயிருந்தே பார்த்துடும்மா!" "பார்க்கட்டும்"னேன். "மொத்த ட்ரிப்பும் வேஸ்ட்டும்மா!" "ஆகட்டும்"னேன். நான் எங்கயிருந்து சொன்னேன்னு நினைக்க? வண்டிக்குள்ளயிருந்து. பின்னால சீட்டுல, டீசலுக்குப் பக்கத்துல. அதுவும் ஆரஞ்சு, நானும் ஆரஞ்சு. சுக்குக் காப்பி பிளாஸ்க்கு, முறுக்கு டப்பா, பாட்டுப் புஸ்தகம், எல்லாம் மடியில.

"அம்மா, எறங்கு."

"எறங்க மாட்டேன்."

"அம்மா, தயவு பண்ணி எறங்கும்மா."

"நாய் எறங்கட்டும், நானும் எறங்குதேன்."

சம்பந்தியார் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, தலையில ஒரு பழைய ஆரஞ்சுத் தொப்பியோட வந்து நிக்காரு. தாடியும் அதுவுமா, சாமியார் மாதிரி. என்னைப் பார்த்தாரு. நாயைப் பார்த்தாரு. "அம்மா வரட்டும்"னாரு. அதோட ஆசீர் வண்டியைக் கிளப்பிட்டான்.

போற வழியில ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. தண்ணி வரைக்கும் கோட்டு. படகுல ஏறினதும் கழற்றி உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போட்டுக்கிடுவாங்களாம். சரின்னேன். ஆனா எனக்கு இன்னொரு யோசனை. ஆரஞ்சைப் பார்க்கணும்னா மான் சுடுதவன் கண்ணைத் தொறந்து பார்க்கணும். தூங்கி விழுந்துகிட்டு, சத்தம் கேட்டதும் சுடுதவனா இருந்தா? அதனால நான் முன்னால நடந்தேன். நடந்து, பாடினேன்.

ஏன் அப்படிப் பார்க்க? மான் கீர்த்தனை பாடுமா? பாடாதுல்லா? அப்பம் பாடுதது மான் இல்லன்னு எந்த முட்டாளுக்கும் தெரிஞ்சிரும். கோயில்ல ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ராகம் பிடிச்சுக் கொடுக்குதவ நான். அடிவயித்துலயிருந்து எடுத்தேன். அந்தக் காடே எதிரொலி கொடுத்துச்சு. மொத சரணத்துலயே ரெண்டு மான் வாலைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. அடுத்ததுல இன்னும் ஒரு கூட்டம். ஆசீர், "அம்மா, அம்மா"ங்கான். நான் பல்லவிக்குப் போய்ட்டேன்.

ஒரு மரத்துலயிருந்து ஒரு ஆளு எறங்கி வந்தான். பரண்ல இருந்தவன். ஆரஞ்சு உடுப்பு, கையில ரைஃபிள், முகமெல்லாம் செக்கச் செவேல்னு. வருஷம் பூரா அந்த நாளுக்காகக் காத்திருந்தானாம் பாவம். எனக்கு நேரா விரலை நீட்டி, மூச்சு விடாமப் பேசுதான். நான் பொறுமையாக் கேட்டேன். பேசி முடிச்சதும், "காட் பிளஸ் யூ, தம்பி"ன்னு சொல்லி, கையில ஒரு முறுக்கைக் கொடுத்தேன். திரும்பி ஆசீரைப் பார்த்து, "என்னல சொல்லுதான்?"னு கேட்டேன்.

"குட் மார்னிங் சொல்லுதான்"னான்.

மரியாதைப்பட்ட ஜனங்க. முறுக்கைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னான், நாங்க கண்ணுக்கு மறையுத வரைக்கும்.

அந்தா பாரு, சன்னலுக்கு வெளிய. குளத்தோரம். வாத்து! நம்ம ஊர் வாத்துக்காரன் ஒரு கம்பை வச்சுக்கிட்டு அத்தனையையும் மேய்ச்சிட்டுப் போறான் பாரு. ஒளியவும் இல்ல, மறையவும் இல்ல. சரி, அது வேற, இது வேற. நானும் ஒத்துக்கிடுதேன்.

ஏரிக்குப் போனோம். ரெண்டு பேரும் நாயோட படகுல ஏறி நாணலுக்குள்ள போய்ட்டாங்க. சொன்னபடி கோட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க. நான் கரையில உட்கார்ந்தேன். அசையக் கூடாது, பாடக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருந்தான் ஆசீர். அசையல, பாடல. ஆனா நான் சுத்தியிருந்த சேலை? அதை அவுத்து ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கவிட்டேன். கரைப்பக்கமிருந்து எவனும் தண்ணியைப் பார்த்துச் சுட்டிரக் கூடாதுல்லா? அதைப் பத்தி ஒண்ணும் ஏற்பாட்டுல இல்லையே.

வாத்து வந்துச்சு. வரலன்னு சொல்லல. வடக்கயிருந்து கூட்டம் கூட்டமா, வானத்துல கரிக்கோடு போட்டாப்பல. சம்பந்தியார் ஒரு ஊதல் வச்சு ஊதினாரு. அப்படியே வாத்து பேசுதாப்பலயே. எறங்கும், எறங்கும், தாழ எறங்கி ஒரு சுத்து வரும். பளபளன்னு மிதக்குத பிளாஸ்டிக் வாத்தைப் பார்க்குமோ, என் சேலையைப் பார்க்குமோ, சட்டுனு றெக்கையை அடிச்சு மேல போயிரும். மறுபடியும் ஊதுவாரு. மறுபடியும் வரும், பார்க்கும், போகும். மத்தியானம் வரைக்கும் இதே கதை. ஒரு வெடிச் சத்தம் அவங்க துப்பாக்கியிலயிருந்து வரல. காட்டுக்குள்ளதான் தூரத்துல டப்பு டப்புன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு டப்புக்கும் நான் அந்த நாணலையே பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு தலை தெரியும். ரெண்டு தலையும் பக்கத்துல பக்கத்துல. என்னமோ பேசிக்கிட்டு. சிரிக்காப்பலயும் இருந்துச்சு. பேசாத மனுஷன் அவ்வளவு நேரம் என்ன பேசினாரோ. ஆசீர்ட்ட கேட்டேன், சொல்ல மாட்டேங்கான்.

கரைக்கு வந்ததும் அவரால நடக்க முடியல. ஆசீர் தோளைப் பிடிச்சு, மெள்ள மெள்ள வந்து, எனக்குப் பக்கத்துல விழுந்து கெடந்த மரத்துல உட்கார்ந்தாரு. மூச்சு இரைக்கி. உதடெல்லாம் நீலம். நான் சுக்குக் காப்பியை மூடியில ஊத்திக் கொடுத்தேன். குடிச்சாரு. என் சேலையையே பார்த்தாரு, காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. பிறகு தன் தலையிலயிருந்த தொப்பியைக் கழற்றினாரு. காட்டு வழிக்குன்னு வச்சிருந்த தொப்பி. எத்தனையோ வருஷமா மான் சீசன்ல வெளிய எறங்கினாப் போடுத தொப்பி, பாரு, உள்ள வேர்வைக் கறையெல்லாம் இருக்கு. என் தலையில வச்சாரு. காது மறையுத மாதிரி இழுத்தும் விட்டாரு. என்னமோ சொன்னாரு.

"என்னல சொல்லுதாரு?"

ஆசீர் ஏரிப் பக்கம் திரும்பிக்கிட்டான். பிறகு சொன்னான்: "அடுத்த வருஷம் வரும்போது மறக்காமக் கொண்டு வரணுமாம். கடனாத்தான் கொடுக்காராம்."

கேட்டியா? தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. நான் சொன்னது சரிதான்னு ஒத்துக்கிட்டாரு. அதுக்குத்தானே தொப்பி? பியூலா இதுக்கு வேற அர்த்தம் சொல்லுதா. அவ டீச்சர், அவளுக்கு எல்லாத்துக்கும் வேற அர்த்தம் உண்டு.

ஆசீர் மறுநாள் என் டிக்கெட்டை மாத்தியிருந்தான். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்க வேண்டியவ. "குளிர் தாங்க மாட்டம்மா, வீட்டுல ஆபரேஷன் வேலை வேற இருக்கு, நீ ஊர்ல இருந்து ஜெபம் பண்ணு"ன்னான். நான் குளிருதுன்னு சொல்லவே இல்ல. பிள்ளைக்கு என் மேல அவ்வளவு அக்கறை. ஏர்ப்போர்ட்டுக்குக் கெளம்பும்போது வாசல்ல கோட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. முதுகுல ஆரஞ்சு அப்படியே இருக்கு. பக்கத்து ஸ்டூல்ல கத்திரி. பிரிக்கலாம்னுதான் எடுத்து வச்சிருப்பான் போலுக்கு. பிரிக்கல. ஒரு தையல் கூடப் பிரிக்கல. நான் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

இப்பம் சொல்லு, நான் என்னத்தைக் கெடுத்தேன்? என் மகன் காட்டுக்குள்ள போனான், முழுசா வந்தான். அந்த மனுஷனும் முழுசா வந்தாரு. ஒரு வாத்தும் சாகல, நான் பார்த்து ஒரு மானும் சாகல. இதுல யாருக்கு நஷ்டம்? கடைசி ஆசையாம்! யாரு சொன்னா கடைசின்னு? டாக்டர் சொல்லல, அவரும் சொல்லல. பியூலா சொல்லுதா, பாளையங்கோட்டையில உட்கார்ந்துக்கிட்டு.

அமெரிக்காவுல இன்னும் விடியல. விடிஞ்சதும் அவரை உள்ள கொண்டு போறாங்க. நெஞ்சைத் தொறந்து வால்வை மாத்தணுமாம். அதான் தலையிலயிருந்து இதைக் கழற்ற மாட்டேங்கேன். வழி நெடுக நான் கர்த்தர்ட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டு வாரேன். ஆண்டவரே, இது எனக்குச் சொந்தம் இல்ல. இரவல். கொடுத்தவரு கேட்டு வாங்கிக்கிடணும். வாங்க ஆள் இல்லாம நான் இதை என்ன செய்யட்டும்? நீரே சொல்லும். அதுக்கு அவரு பதில் சொல்லித்தானே ஆகணும்.

ஹெய்டி பார்த்துச் சொல்லிட்டா. அடுத்த வருஷமும் வாத்தும் மானும் ஒண்ணாத்தான் வருதாம். வரட்டும். நான் போவேன். ஆசீர் டிக்கெட் எடுக்க மாட்டேன்னு சொல்லிப் பார்க்கட்டும். எங்க வீட்டுக்காரக பென்ஷன் எங்க போச்சு? போயி, வண்டியில பின்னால சீட்டுல ஏறி உட்காருவேன். சம்பந்தியார் எறங்கச் சொல்லட்டும். சண்டை போடட்டும். சண்டை போட அவரு வரணும், அவ்வளவுதான் எனக்கு.

ஆழ்வார்திருநகரி வந்துட்டு, எந்திரி. பையை எடுத்துக்கோ, குடை கீழ கெடக்கு பாரு. நியாயம் சொல்லாமலே எறங்குத. பரவாயில்ல, உன் முகத்துலயே தெரியுது, நீயும் பியூலா கட்சிதான். இருந்துட்டுப் போ.

ஒரே ஒரு உபகாரம் பண்ணு, யம்மா. எறங்கும் முன்னால அந்தச் சன்னலை அடைச்சிட்டுப் போ. காத்து வேகமா அடிக்கி. தொப்பி பறந்துட்டா அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?